ஜெர்சி சிட்டியில் கரையிறங்கிய கேப்டன்

சரக்குப் போக்குவரத்துத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறைய எரிச்சல். உங்கள் பெட்டி எந்தக் கடலில் போகிறது என்று திரையில் ஒரு புள்ளி நகர்ந்து காட்டுகிறது, அதனால் பொறாமை. எரிச்சலுக்குக் காரணமும் அந்தப் புள்ளிதான். அது நின்றுவிட்டால் நீங்களும் நின்றுவிடுகிறீர்கள். "மேடம், சிஸ்டத்துல அப்டேட் ஆகல" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறீர்கள்.

சமீபத்தில் உங்கள் அலுவலகத்தில் என்னைப் பேச அழைத்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "கடலே இல்லாத நாட்டுக்கு அனுப்பறதுல என்ன மேடம் பெரிய கஷ்டம்? ஒரு டிரக் எக்ஸ்ட்ரா, அவ்வளவுதானே?" எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. பிட்ஸா ஆறிக்கொண்டிருந்தது. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். அதுவும் கடல் இல்லாத ஊர்தான். அங்கே நெசவாகும் போர்வையும் திரைச்சீலையும் தூத்துக்குடிக்குப் போய்த்தான் கப்பல் ஏறும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்காகத் தூத்துக்குடிக்கும் கரூருக்கும் அலைந்தவள் நான். தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் பேங்க் கான்ட்ராக்டில் ஜெர்சி சிட்டிக்கு வந்தார், நானும் வந்தேன். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, எனக்கு வொர்க் பெர்மிட் கைக்கு வந்ததும், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு சின்ன சரக்குக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கம்பெனியின் முதலாளி ஒரு ஜெர்சிக்காரக் கிழவர். நல்ல மனிதர்தான், ஆனால் எந்தச் சிக்கலைச் சொன்னாலும் அதில் விளம்பரத்துக்கு வழியிருக்கிறதா என்று மட்டும் யோசிப்பார்.

அங்கே நான் சேர்ந்த கொஞ்ச நாளில் டாக்டர் ஆன்ட்டி என்னைத் தேடி வந்தார். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த என் எதிரில் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். சென்னைக்காரர். நியூ ஜெர்சியில் பிரசவ டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலிலும் வலி, வாயில் மட்டும் ஒரு வலியும் கிடையாது.

"வளர், நீ ஷிப்பிங்லதானேம்மா இருக்க? எனக்கு ஒரு மோட்டார் படகு அனுப்பணும்."

"எங்க ஆன்ட்டி அனுப்பணும்?"

"ஒரு ஏரிக்கு."

அவர் இளம் வயதில் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் சில வருடம் வேலை பார்த்தவர். அந்த நாட்டுக்குக் கடல் இல்லை, ஆனால் கடல் மாதிரி ஒரு ஏரி உண்டு. ஏரிக்குள்ளே தீவுகள், தீவுகளில் ஜனங்கள். ஆஸ்பத்திரி மட்டும் கரையில். பிரசவ வலி எடுத்த பெண்களை மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் உட்கார வைத்துத் துடுப்புப் போட்டுக் கூட்டிவர வேண்டும். காற்று எழும்பினால் பாதி வழியில் தாயும் போவாள், பிள்ளையும் போகும். "அப்போ என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா. இப்போ கையில ரிட்டயர்மென்ட் பணம் இருக்கு" என்றார் ஆன்ட்டி. கோயில் நண்பர்கள் சேர்ந்து ஜெர்சி கடற்கரையில் மீன்பிடிச் சவாரிக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய படகை வாங்கியிருந்தார்கள். உள்ளே ஒரு கட்டிலும் மருந்து அலமாரியும் வைத்தாயிற்று. மழைக்காலம் தொடங்குவதற்குள் அது ஏரியில் இறங்க வேண்டும். தொடங்கிவிட்டால் ஏரிக்குப் போகும் மண்சாலை மாதக்கணக்கில் சேறுதான், ஒரு லாரியும் போகாது. காற்று எழும்புவதும் அதே மாதங்களில்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டின் பெயரையும், வழியிலிருந்த நாட்டின் பெயரையும் சொல்ல மாட்டேன். இரண்டும் இன்றைக்கும் உங்கள் வாடிக்கையாளர்கள், எனக்கு எதற்கு வம்பு. ஒன்றை ஏரி நாடு என்றும், இன்னொன்றைத் துறைமுக நாடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் இல்லாத நாட்டுக்குப் போகும் சரக்கு பக்கத்து நாட்டில் இறங்கி, அந்த நாட்டைக் கடந்து போக வேண்டும். கடந்து போகிறேன் என்று சொல்லிவிட்டு வழியிலேயே விற்றுவிடுவானோ என்று நடுவில் இருக்கும் நாட்டுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. அதனால் பூட்டு, முத்திரை, ஜாமீன், நூறு கேள்வி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். படகைச் சரக்காகப் பதிவு செய்து, ஒரு பெரிய கப்பலில் ஏற்றி, துறைமுக நாட்டுக்கு அனுப்பினேன். ஆன்ட்டி படகை வரவேற்க ஏரி நாட்டுக்கு முன்கூட்டியே விமானம் ஏறிவிட்டார். தன் சார்பாக எதையும் செய்ய எனக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஒரு காலையில் துறைமுகத்திலிருந்து எங்கள் ஏஜென்டின் ஃபேக்ஸ் வந்தது. "படகு பத்திரமாக இறக்கப்பட்டது. நன்றாக மிதக்கிறது."

நான் அதை இரண்டு முறை படித்தேன். மிதக்கச் சொல்லி அதை யார் கேட்டது?

நடந்தது இதுதான். அன்றைக்குத் துறைமுகத்தில் சரக்கு வைக்கும் இடம் நிரம்பி வழிந்திருக்கிறது. கிரேன்காரர் கொக்கியில் தொங்கும் பொருளைப் பார்த்திருக்கிறார். படகு. படகை எங்கே வைப்பார்கள்? தண்ணீரில்தானே. பூப்போல இறக்கிவைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. அவ்வளவு பேரில் யோசித்து வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அந்த நிமிடத்தில் எங்கள் படகு சரக்கு இல்லை என்று ஆகிவிட்டது. சுங்கத்தின் சரக்குப் பிரிவு சொன்னது: "எங்கள் தரையில் அப்படி ஒரு பொருள் இறங்கவில்லை. தண்ணீரில் இருப்பது எங்களுடையது அல்ல." துறைமுகப் பிரிவு சொன்னது: "எங்கள் தண்ணீரில் ஒரு கலம் வந்து நிற்கிறது. கேப்டன் இல்லை, மாலுமி இல்லை, எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, ஒன்றும் தெரியாது." மறுபடி தூக்கித் தரையில் வைத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கலத்தைத் தரையில் ஏற்றினால் அது இறக்குமதி. இறக்குமதி என்றால் அது அந்த நாட்டிலேயே தங்கும். தங்குகிற பொருளுக்குக் கடந்து போகும் அனுமதி கிடையாது. இதைச் சொல்லிவிட்டு எங்கள் ஏஜென்ட் துறைமுக அதிகாரியின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானமே அந்த ஏஜென்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

அந்த அதிகாரியும் நானும் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். உங்களுக்குத் தமிழில் தருகிறேன். எங்களுக்குக் காலை என்றால் அவருக்குச் சாயங்காலம். மிக மரியாதையான, மிகக் களைத்த குரல்.

"அம்மா, இன்று அலுவலகம் மூடுவதற்குள் நான் ஒரு முடிவு எழுத வேண்டும். கேப்டன் இல்லாத கலம் கைவிடப்பட்ட கலம். கைவிடப்பட்ட கலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்."

"அது கைவிடப்படவில்லை, சார்."

"அப்படியானால் கேப்டன் யார்?"

தூத்துக்குடியில் நான் ஒன்று தெரிந்துகொண்டிருந்தேன். அதிகாரி முடியாது என்று சொல்லும்போது பெரும்பாலும் அது கெட்ட எண்ணமில்லை, பயம். நாளைக்கு ஏதாவது ஆனால் தன் தலை உருளக்கூடாது. அவருக்கு வேண்டியது ஒரு பெயர். அதிகாரப் பத்திரம் என் மேஜையில் இருந்தது. ஆன்ட்டியின் சார்பாக நான் யாரையும் நியமிக்கலாம். அறையில் முதலாளி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார், அவரை விட்டால் நான்.

"நான்தான் கேப்டன்" என்றேன்.

முதலாளி மெல்லுவதை நிறுத்தினார்.

"உரிமம் இருக்கிறதா?"

"இந்த அளவுப் படகுக்கு உங்கள் விதியில் உரிமம் கேட்கிறார்களா, சார்?"

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. "இல்லை" என்றார், சற்று ஏமாற்றத்துடன். "நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"ஜெர்சி சிட்டியில்."

"கலம் இங்கே இருக்கிறது."

"ஆமாம். நான் கரையிறங்கியிருக்கிறேன்."

கேப்டன்கள் கரையிறங்குவது வழக்கம்தான். எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நன்றி, கேப்டன்" என்றார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரில் சொல்வார்கள். நான் காலை விடவே இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கப்பல் தலைவி ஆகிவிட்டேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவர் அழைப்பார். கேப்டனுக்கு எத்தனை கடமைகள் இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கலத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? யாருமே இல்லை, அதனால் எல்லோரும் நலம். எலி உண்டா? இல்லை. பூனை? எலியே இல்லாதபோது பூனை எதற்கு? குப்பையை எங்கே கொட்டுகிறீர்கள்? அதற்கும் உண்மையைத்தான் சொன்னேன்: எங்கள் அபார்ட்மென்ட் பின்புறத் தொட்டியில். அதையும் எழுதிக்கொண்டார். எங்கள் முதலாளிக்கு இதெல்லாம் தலைகால் புரியாத சந்தோஷம். கம்பெனி விளம்பரத்தில் "சொந்தக் கப்பல் பிரிவு உண்டு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விஷயம் பரவிவிட்டது. கேன்டீனில் ஓர் அங்கிள் தோசைத் தட்டோடு என்னிடம் வந்து, "பஹாமாஸ் பக்கம் போவியாம்மா? ஃபேமிலி ரேட் எவ்வளவு?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அவர் மனைவி தள்ளுபடிக் கூப்பன் தேடிக் கைப்பையைத் துழாவியபோதுதான் புரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் விவரம் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல? வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கிட்டு, அப்பறம் குத்துது குடையுதுன்னு..."

"ஒண்ணும் குடையலைங்க."

"கிரீன் கார்டு ஃபைல் பெண்டிங்ல இருக்குது. இன்டர்வியூல 'உங்க வொய்ஃப் என்ன வேல பண்றாங்க'ன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? கப்பல் ஓட்றாங்கன்னா?"

"ஓட்டலைங்க. கரையிலதான் இருக்கறேன்."

"உனக்குக் கம்மாயில எறங்கக்கூடப் பயம். இதுல கேப்டனு!"

அது உண்மைதான். எனக்கு நீச்சல் தெரியாது, ஊஞ்சலில் ஆடினாலே தலை சுற்றும்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏரிக் கரையிலிருந்து ஆன்ட்டி போன் செய்தார். மிஷன் ஆஸ்பத்திரி போன், குரல் போய்ப் போய் வந்தது. "வளர், மேகம் கட்ட ஆரம்பிச்சாச்சு. நேத்து தீவுலேர்ந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. ஓடத்துல எட்டு மணி நேரமாம். பொண்ணு பொழைச்சிட்டா. குழந்தை..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மனுஷி அவர். அதுவரை அந்தப் படகு எனக்கு ஒரு வேடிக்கை. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

மறுநாள் காலை அதிகாரி அழைத்தார். "கேப்டன், நீங்கள் வெகுநாளாகக் கரையில் இருக்கிறீர்கள். என் மேலதிகாரி கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து கலத்தை வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் கைவிடப்பட்டதாக எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை."

போக முடியுமா? முடியாது. கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்கிற முன் அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியே போனால், விண்ணப்பத்தையே கைவிட்டதாக அர்த்தம். என் அனுமதி இன்னும் வரவில்லை. நான் போகாவிட்டால் அங்கே படகு கைவிடப்பட்டதாகும், போனால் இங்கே நான். உலகத்தில் எல்லா அரசாங்கமும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கின்றன என்று அன்றைக்குத் தோன்றியது.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மேலதிகாரியின் மேலதிகாரியைப் பிடித்து, அவருக்கு ஒரு காரமான மின்னஞ்சல் போட்டிருப்பீர்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அப்படிச் செய்தால் இந்த மனிதர் பயந்துவிடுவார், பயந்தவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அதனால் சண்டையை விழுங்கிவிட்டு வேறு மாதிரி கேட்டேன்.

"சார், நீங்கள் ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் துறைமுகத்தில் மிதக்கும் ஒரு படகு எந்தெந்த வழியில் வெளியே போகலாம்? அதை மட்டும் படித்துக் காட்டுங்கள்."

அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. குரலில் களைப்பு கொஞ்சம் குறைந்தது. விதிப் புத்தகத்தை எடுத்துவந்து நிதானமாகப் படித்தார். கடல் வழியாகப் போகலாம். மூழ்கலாம். உடைத்து இரும்புக்குப் போடலாம். பழுது பார்க்கத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம்.

"பட்டறைக்குப் போனால் அது இறக்குமதி ஆகாதா?"

"ஆகாது. பழுதான கலம் கலமாகவேதான் இருக்கும்."

"எந்தப் பட்டறைக்கு?"

"அது கேப்டன் விருப்பம்."

"எவ்வளவு தூரம்?"

பக்கம் புரண்டது. "சொல்லப்படவில்லை."

"பட்டறை வேறு நாட்டில் இருந்தால்?"

முன்னும் பின்னுமாகப் பக்கங்கள் புரண்டன. "அதுவும்," என்றார் மெதுவாக, "சொல்லப்படவில்லை." உடனே குரலை உயர்த்திச் சேர்த்துக்கொண்டார்: "ஆனால் கேப்டன், கலம் உண்மையிலேயே பழுதாகியிருக்க வேண்டும். நல்ல படகைப் பழுது என்று நான் எழுத மாட்டேன். கேப்டனும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்."

"கேப்டன் மாறலாமா?"

"கடலில் என்னென்னவோ நடக்கிறது. மாறலாம்."

ஆன்ட்டியைப் பிடிப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. பிடித்ததும் சொன்னேன்: "ஆன்ட்டி, இப்போலேர்ந்து நீங்கதான் கேப்டன். ரயிலைப் பிடிச்சு துறைமுகத்துக்குக் கிளம்புங்க."

"அய்யய்யோ! நான் கைனகாலஜிஸ்டும்மா!"

"படிப்பு எதுவும் கேட்கல ஆன்ட்டி."

"எனக்கு நீச்சல் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? இத்தனை நாள் நான் கேப்டனா இல்லையா?"

முழங்கால் வலியோடு, ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து, வியாழக்கிழமை ஆன்ட்டி துறைமுகம் போய்ச் சேர்ந்தார். அதிகாரியின் மேஜையிலிருந்தே எனக்கு அழைத்தார். தமிழில் பேசினால் அவருக்குப் புரியாது என்ற தைரியம்.

"வளர், படகை நல்லாப் பார்த்துட்டேன். ஒரு கோளாறும் இல்ல. ஆரோக்கியமா இருக்கு. நான் எப்படிப் பழுதுன்னு கையெழுத்துப் போடறது? நல்லா இருக்கற ஆளுக்கு வியாதின்னு என் சர்வீஸ்ல நான் ஒரு தடவைகூட எழுதினதில்ல."

இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு நேர்மை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் அவர் சொன்னது சரி. எல்லையைக் கடக்கும் சரக்கோடு ஒரு பொய்யை அனுப்பினால், அது அடுத்த சோதனைச் சாவடியில் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

"அப்போ வியாதி வர வைங்க ஆன்ட்டி. ஏதாவது ஒண்ணைக் கழட்டுங்க."

"எதைக் கழட்டறது? எனக்கு அதுல ஸ்டீயரிங் மட்டும்தான் தெரியும்."

"அதையே கழட்டுங்க."

மீதியை அவர் பிறகு சொன்னார். படகில் உட்கார்ந்து, கடன் வாங்கிய ஸ்பேனரால், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆன்ட்டி ஸ்டீயரிங்கைக் கழற்றியிருக்கிறார். அதிகாரி கூடவே இருந்திருக்கிறார். ஆனால் அந்த நேரம் முழுவதும் முதுகைக் காட்டிக்கொண்டு, வாழ்நாளில் கடலையே பார்த்திராதவர் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஸ்டீயரிங் ஆன்ட்டியின் பெரிய கைப்பைக்குள் போனது. அதற்கப்புறம்தான் அவர் திரும்பினார்.

"இந்தப் படகைத் திருப்ப முடியாது" என்றார், வெறும் கம்பியைத் தொட்டுப் பார்த்து.

"முடியாது" என்றார் ஆன்ட்டி.

"பழுது." எழுதினார். "ஏரிக் கரையில் நீங்கள் சொல்லும் பட்டறையில் இதற்குப் பொருத்தமான ஸ்டீயரிங் இருக்கிறதா?"

"இப்போது இல்லை. நான் போய்ச் சேர்ந்ததும் இருக்கும்."

அதையும் எழுதிக்கொண்டாராம். ஒரு பொய்கூட இல்லை பாருங்கள். அதிகாரியிடம் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் பயமில்லாமல் கையெழுத்துப் போடக்கூடிய உண்மையாகத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் தொழிலில் மூளை வேண்டியது இதற்குத்தான், மற்றதெல்லாம் உங்கள் சிஸ்டமே செய்துவிடும்.

வெள்ளிக்கிழமை படகைத் தூக்கி லாரியில் வைத்தார்கள். எல்லையில் நிறுத்தி, கலத்தின் கேப்டன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். லாரியின் முன் இருக்கையிலிருந்து ஆன்ட்டி ஒவ்வொரு காலாக இறக்கிக் கீழே வந்ததும், காவலர்கள் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்களாம். அந்தச் சாவடிக்கு வந்த முதல் கப்பல் அது.

ஆனால் மழை முந்திக்கொண்டது. ஏரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் லாரி சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், பலகை போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆன்ட்டியும் லாரி டிரைவரும் படகுக்குள்ளேயே தங்கினார்கள். அந்த வட்டாரத்தில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான். ஜெர்சி சிட்டியில் எனக்கு எந்தச் செய்தியும் இல்லை. அதிகாரிக்கும் இல்லை. எங்கே தோற்றுவிட்டோமோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றார். கிரீன் கார்டுக்கா, படகுக்கா என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் ஆன்ட்டியின் போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம்.

"வளர்! ரோட்லேர்ந்து கிளம்பியாச்சும்மா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மழை விடாமல் பெய்து ஏரி கரை தாண்டியிருக்கிறது. தண்ணீர் மெல்ல மெல்ல வயலில் ஏறி, சாலையில் ஏறி, லாரியில் ஏறியிருக்கிறது. ஒரு காலையில் கட்டில் அசைந்ததும் ஆன்ட்டி எழுந்து பார்த்திருக்கிறார். படகு லாரி மேல் இல்லை. நாங்கள் எந்த மழைக்குப் பயந்து செத்தோமோ, அந்த மழையே ஏரியைத் தூக்கிக்கொண்டு வந்து படகுக்கு அடியில் வைத்துவிட்டது. ஸ்டீயரிங்கை மாட்டி, லாரி டிரைவரே ஓட்ட, சோளக் கொல்லை மேலாகப் போய் ஏரியில் சேர்ந்தார்கள். நான் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன். முதலாளி டிஷ்யூ பெட்டியை நீட்டினார். இதை என் திறமைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நானும் சேர்க்கவில்லை. சில சரக்கு நம்மால் போய்ச் சேரும், சில சரக்கு நம்மையும் மீறிப் போய்ச் சேரும்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதற்கடுத்த விஷயம். சந்தோஷத்தில் நான் எல்லோருக்கும் செய்தி சொன்னேன். கோயிலுக்கு, நண்பர்களுக்கு, பஹாமாஸ் அங்கிளுக்குக்கூட. நடுவில் இருந்த ஒருவரை மறந்தேவிட்டேன். துறைமுக நாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரக்கு வருவதும் தெரியும், போவதும் தெரியும். போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பாதிக் கதையோடு வீட்டுக்குப் போகிற மனிதர்கள் அவர்கள். உங்கள் சரக்கு சேர்ந்தவுடன் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். அடுத்த சரக்குக்கு உதவும் என்பதற்காக அல்ல, அவர்களும் மனுஷர்கள் என்பதற்காக.

கொஞ்ச நாள் கழித்து அவரே அழைத்தார். அதே மரியாதை, அதே களைப்பு.

"கேப்டன், என் பதிவில் உங்கள் கலம் இன்னும் பழுது பார்க்கப் போனதாகவே இருக்கிறது. அதை மூடுவதா, திறந்தே வைப்பதா என்று தெரியவில்லை. அது போய்ச் சேர்ந்ததா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் இப்போது கேப்டன் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். மழை, லாரி, சோளக் கொல்லை. படகு ஏரியில் ஓடிய முதல் பயணத்தையும் சொன்னேன். தூரத்துத் தீவிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, பலத்த காற்றில் கரைக்கு வந்த பயணம்.

"கலத்தில் எத்தனை பேர்?" என்றார். பழக்கதோஷம்.

"தீவிலிருந்து கிளம்பும்போது மூன்று பேர். டாக்டரம்மா, லாரி டிரைவர், அந்தப் பெண். கரை சேர்ந்தபோது நான்கு பேர்."

பேனா நின்ற மாதிரி இருந்தது.

"நான்காவது ஆள் எந்தத் துறைமுகத்தில் ஏறினார், கேப்டன்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். சிரித்து முடித்ததும், "அழுததா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஏரிக் கரையெல்லாம் கேட்கிற மாதிரி அழுததாம், சார்."

"அப்படியானால் பழுது சரியாகிவிட்டது என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார்.